சளியில் பங்கசு தேடும்போது சறுக்கும் இடங்கள்

போத்தலைத் திறந்ததும் பார்க்கவேண்டியது, உள்ளே இருப்பது சளியா எச்சிலா என்பது. எச்சில் என்றால் திருப்பி அனுப்புங்கள். விடியக்காலையில் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்பியதுதான் வேண்டும். வெற்றிலை போடுகிறவர்களுக்கு இதை இரண்டு தரம் சொன்னாலும் தகும். 24 மணித்தியாலச் சளியைச் சேர்த்து அனுப்புவதும் வீண். பக்டீரியா பெருகிப் பங்கசை அமுக்கிவிடும். புல்மோட்டையிலிருந்து திருகோணமலை நகருக்கு வரும் மாதிரி, இரண்டு மணித்தியாலத்துக்குள் சேராது என்றால் 4 பாகை குளிரில் வரட்டும்.

நாம் அதிகம் காணும் பிழை வேறு. காசநோய்க்குப் பதப்படுத்திய அதே சளியில் பங்கசையும் வளர்க்கப் பார்ப்பது. அங்கே சேர்க்கும் சோடியம் ஐதரொட்சைட்டு என்ற காரம் மற்றக் கிருமிகளைக் கொல்லத்தான். காசநோய்க் கிருமி தன் மெழுகுச் சுவரால் தப்பும், பங்கசுக்கு அந்தக் கவசம் இல்லை. மாதிரி வந்த கையோடு ஒரு பங்கை ஒதுக்கிவையுங்கள். தடித்த சளி என்றால் டைதயோத்ரைற்றோல் என்ற மருந்துக் கரைசல் இளக்கிவிடும், அந்தக் காரம் வேண்டாம்.

அளவிலும் கஞ்சத்தனம் கூடாது. பக்டீரியாவுக்கு ஐதாக்கிய சளியில் 10 மைக்ரோலீற்றர் போதும். நுரையீரலைத் தாக்கும் பங்கசான அசுப்பர்ஜிலசு சளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே கிடக்கும். அந்தத் துளியில் அகப்படாது. சீழ்த் திரளைத் தேடியெடுத்து, ஐதாக்காமல் வளர்க்கும் தட்டில் தாராளமாகப் போடுங்கள்.

வளர்க்கும் ஊடகம், பக்டீரியாவை அடக்கும் குளோரம்பெனிக்கோல் கலந்த சபரோ ஏகார். சில பங்கசுகளையும் அடக்கும் சைக்ளோஹெக்சிமைட் கலந்ததை மட்டும் நம்பினால் கிரிப்டோகொக்கசு, மியூக்கோர் வகைப் பங்கசுகள் முளைக்காமலே போகும். 30 பாகையில் நான்கு கிழமை வையுங்கள்.

கச்சான் காற்று வீசும் நாளில் ஜன்னலைத் திறந்துவைத்தால் வித்திகள் தட்டில் வந்து விழும். சளியைக் கீறிய கோட்டுக்கு வெளியே தனியே முளைத்த கூட்டத்தைச் சந்தேகியுங்கள். தட்டை மணந்து பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். கிழக்கு மாகாணத்தில் மெலியோய்டோசிசும் உண்டு, அந்த நோயின் பக்டீரியா மூச்சோடு உள்ளே போய்விடலாம்.

கன்டிடா என்ற பங்கசு வளர்ந்தால் பரபரக்க வேண்டாம். அது வாயிலும் தொண்டையிலும் குடியிருப்பது. நியூமோனியாவுக்கு அது காரணமாவது மிக அரிது.

எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு நியூமோனியா தரும் நியூமோசிஸ்டிசு என்ற பங்கசு எந்தத் தட்டிலும் வளராது. எச்ஐவி உள்ளவர், நெடுநாள் ஸ்டெரொயிட் எடுப்பவர் என்று விடுதியிலிருந்து வரும் படிவத்தில் இல்லாவிட்டால், ஆய்வுகூடம் ‘பங்கசு வளரவில்லை’ என்று எழுதி அனுப்பும். அந்த நோயாளிக்குத் தேவைப்பட்டதோ நுரையீரலைக் கழுவியெடுத்த திரவத்தில் ஒளிரும் சாயப் பரிசோதனை அல்லது கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர்.