போர் தண்ணீரும் மீன் தொட்டியும்: ஆர்.ஓ. மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் மீன் வளர்ப்பவர் வீட்டுத் தொட்டிக் கண்ணாடியே அந்த வீட்டுத் தண்ணீர் எப்படி என்று சொல்லிவிடும். மட்டம் இறங்கிய இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு. நகத்தால் சுரண்டினால் வராது, வினிகர் தொட்டுத் தேய்த்தால்தான் வரும். அந்தக் கோட்டைப் பார்த்ததும் கடைக்குப் போய் ஆர்.ஓ. (தண்ணீரிலுள்ள உப்பைப் பிரித்தெடுக்கும் இயந்திரம்) வாங்கிவிடுகிறோம். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

உங்களிடம் இருப்பது கப்பி, மோலி, கோல்ட்ஃபிஷ் என்றால் ஆர்.ஓ. வேண்டவே வேண்டாம். அவற்றுக்குக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். டிஸ்கஸ், கார்டினல் டெட்ரா, கிரிஸ்டல் இறால் என்று மென்னீர் கேட்கும் உயிர்களை வளர்க்க ஆசைப்பட்டால்தான் இந்தச் செலவு. ஏற்காட்டில் இருப்பவர்கள் இன்னும் நிதானமாக யோசிக்கலாம். ஊற்றுத் தண்ணீர் வரும் வீடானால் முதலில் அளந்து பாருங்கள், இயந்திரம் தேவைப்படாமலே போகலாம். தேவைப்பட்டாலும், குளிர்ந்த தண்ணீரில் மெம்பரேன் (இயந்திரத்துக்குள் உப்பைத் தடுக்கும் சவ்வு) மெதுவாகத்தான் வடிக்கும். ஒரு டிகிரி இறங்கினால் சுமார் 3 சதவீதம் அளவு குறையும்.

அளப்பது என்றதும் எல்லோரும் டி.டி.எஸ். மீட்டரை எடுக்கிறார்கள். அது கரைந்திருக்கும் உப்பு மொத்தம் எவ்வளவு என்று மட்டும் காட்டும், எந்த உப்பு என்று காட்டாது. கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பதை ஜி.எச். சொல்லும். பி.எச்.சை, அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவை, தாங்கிப் பிடிக்கும் பைகார்பனேட் எவ்வளவு என்பதைக் கே.எச். சொல்லும். இரண்டுக்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் மீன் கடையில் கிடைக்கும். நம் ஊரில் இது ரொம்ப முக்கியம். கருப்பூர், செட்டிச்சாவடி பக்கம் பூமிக்கடியில் கிடக்கும் வெள்ளைக்கல் என்பது மெக்னீசியம் கார்பனேட். பாறை அப்படி இருந்தால் போர் தண்ணீரிலும் மெக்னீசியம் ஏறத்தான் செய்யும்.

இன்னொன்று, ஒரு தடவை அளந்து எழுதி வைத்துக்கொண்டு அதையே நம்பாதீர்கள். பல வீடுகளில் குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில்தான் விழுகின்றன. எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் வந்த மறுநாள் 400 பி.பி.எம். (லிட்டருக்கு 400 மில்லிகிராம்) காட்டும் டி.டி.எஸ். மீட்டர், நாலு நாள் கழித்து 1,150 காட்டும். மேட்டூர் தண்ணீரில் குளோரின் உண்டு. குளோரின் மெம்பரேனை அரித்துவிடும், அதனால் கார்பன் ஃபில்டரைத் தவிர்க்கவே கூடாது. போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் சுண்ணாம்பு படிந்து மெம்பரேன் அடைத்துக்கொள்ளும். சம்ப் ஒன்றாக இருந்தால் இரண்டு தொல்லையும் உங்களுக்குத்தான்.

சரி, எந்த இயந்திரம்? சமையலறையில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, அதிலேயே பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும், ஆனால் அது ஒத்துவராது. குடிதண்ணீர் இயந்திரத்தில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும், அது மெம்பரேனைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் தண்ணீரைக் கலந்து விடும். மினரல் கார்ட்ரிட்ஜ் இருக்கும். இப்போது பல மாடல்களில் காப்பர் கார்ட்ரிட்ஜும் வருகிறது. மனிதருக்கு அந்தச் செம்பால் கெடுதல் இல்லை, ஆனால் இறாலுக்கு அது விஷம். மீன் தொட்டிக்கு செடிமென்ட் கேண்டில் (மண், தூசியைப் பிடிக்கும் ஃபில்டர்), கார்பன், மெம்பரேன், பூஸ்டர் பம்ப் இவ்வளவு போதும். வடிந்த தண்ணீர் போகும் பாதையில் பித்தளை டேப்பும் வேண்டாம். உப்பில்லாத தண்ணீர் உலோகத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும்.

பூஸ்டர் பம்ப் இல்லாமல் ஓவர்ஹெட் டேங்க் அழுத்தத்திலேயே ஓட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. டேங்க் 20 அடி உயரத்தில் இருந்தாலும் கிடைப்பது 9 பி.எஸ்.ஐ.க்கும் குறைவு. மெம்பரேனுக்கு 50, 60 வேண்டும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் மட்டும்தான் குறைவாக வரும் என்று நினைக்காதீர்கள். உப்பு கசிவது அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, அது பாட்டுக்குக் கசியும். கொஞ்சத் தண்ணீரில் அதே உப்பு சேர்வதால் வடிந்த தண்ணீரின் டி.டி.எஸ். ஏறிவிடும்.

மாட்டும்போது நடக்கும் தவறுகளில் நான் அதிகம் பார்த்தது மெம்பரேனைப் பாதி வழியில் விட்டுவிடுவது. மெம்பரேனின் நடுக்குழாய் ஒரு முனையில் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் இரண்டு சின்ன கறுப்பு ஓ-ரிங் (ரப்பர் வளையம்). அந்த முனைதான் முதலில் மெம்பரேன் உறைக்குள் போகவேண்டும். மறுமுனையில் சுற்றிலும் அகலமான ரப்பர் உதடு இருக்கும், அது மூடிப் பக்கம். ஓ-ரிங்கைத் தண்ணீரில் நனைத்து, லேசாகத் திருகிக்கொண்டே அழுத்துங்கள். ஓரிடத்தில் முட்டி நிற்கும். அதுதான் கடைசி என்று நினைத்து மூடிவிடுகிறோம். அங்கே இன்னும் ஒரு அழுத்து அழுத்தினால் மெத்தென்று உள்ளே இறங்கி உட்காரும், கைக்கே தெரியும். உட்காராவிட்டால் உப்புத் தண்ணீர் ஓ-ரிங்கைத் தாண்டி நல்ல தண்ணீரோடு கலந்துவிடும். புது மெம்பரேன் போட்டும் டி.டி.எஸ். இறங்கவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். வாசலின் தடவாதீர்கள், ரப்பர் ஊறிப் போகும்.

மெம்பரேனை மாட்டும் முன்பு கார்பனை மட்டும் ஓடவிட்டுக் கறுப்புத் தூளைக் கழுவி வெளியேற்றுங்கள். மாட்டிய பிறகு முதல் ஒன்றிரண்டு மணி நேரத் தண்ணீர் தொட்டிக்கு வேண்டாம், மெம்பரேன் கெடாமலிருக்கப் போட்ட ரசாயனம் அதில் இருக்கும். அப்புறம் தினமும் இயந்திரத்தைப் போட்டதும் முதல் சில நிமிடத் தண்ணீரையும் கீழே விடுங்கள். நின்றிருக்கும் நேரத்தில் உப்பு மெம்பரேனைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்கும்.

வேஸ்ட் தண்ணீரைப் பார்த்து மனசு கேட்காமல் அந்தக் குழாயை நெருக்கி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு பங்கு நல்ல தண்ணீருக்கு மூன்று பங்கு வெளியே போகிறது, அதுவும் வெயில் காலத்தில். எனக்கும் வயிறு எரியும். ஆனால் அந்தத் தண்ணீர்தான் உப்பை அடித்துக்கொண்டு போகிறது. நெருக்கினால் சுண்ணாம்பு மெம்பரேன் மேலேயே உட்கார்ந்துவிடும். அதை ஒரு டிரம்மில் பிடித்து வீடு துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். 1,150 உள்ளே போனால் வேஸ்ட்டில் 1,500 வரை வரும், செடிகளுக்கு ஊற்றாதீர்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் நான் மீன்களை இழந்தேன். வடிந்த தண்ணீர் 45 காட்டியது. எவ்வளவு சுத்தம் என்று பூரித்து அதை அப்படியே தொட்டியில் நிரப்பினேன். மூன்று வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் காலையில் டெட்ராக்கள் மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன, பி.எச். 6க்கும் கீழே போயிருந்தது. தொட்டியிலுள்ள நல்ல பாக்டீரியா அமோனியாவைத் தின்னும்போது கே.எச்.சையும் செலவழிக்கும். என் தண்ணீரில் செலவழிக்க ஒன்றுமே இல்லை. அது தீர்ந்ததும் பி.எச். சரிந்தது, பாக்டீரியாவும் சோர்ந்தது. நான் பதறிப்போய் இரண்டு வாளி போர் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். அதுதான் மீன்களைக் கொன்றது. பி.எச். குறைந்த தண்ணீரில் அமோனியா பெரும்பாலும் அம்மோனியமாக, அதிகம் கெடுதல் செய்யாமல் கிடக்கும். பி.எச்.சைத் திடீரென்று ஏற்றினால் அது மறுபடி விஷமாக மாறும். சாயங்காலத்துக்குள் பதினொன்றில் எட்டு போய்விட்டது.

அதனால் வடித்த தண்ணீரைத் தனி டிரம்மில் பிடியுங்கள். தொட்டிக்கு நேராகக் குழாய் போடாதீர்கள். டிரம்மில் கொஞ்சம் போர் தண்ணீரைக் கலந்து, அளந்த பிறகே தொட்டிக்கு விடுங்கள். 1,150 உள்ள தண்ணீரில் ஒரு பங்கு, 45 உள்ளதில் ஐந்து பங்கு என்றால் ஏறக்குறைய 230 வரும். சம்ப்புத் தண்ணீர் மாறினால் இந்தக் கணக்கும் மாறும், குவளைக் கணக்கை நம்பாமல் மீட்டரைப் பாருங்கள். கே.எச். மட்டும் குறைவு என்றால் 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா அதை ஒரு டிகிரி (கே.எச்.சை அளக்கும் அலகு) ஏற்றும். ஜி.எச்.சுக்கு அது உதவாது, மீன் கடையில் விற்கும் கால்சியம், மெக்னீசியம் கலந்த உப்பு வேண்டும். பழைய தொட்டியை ஒரே நாளில் மென்னீராக மாற்றாதீர்கள். வாரத்துக்கு 10, 15 சதவீதம் மாற்றினால் மீன் தாங்கும்.

எங்கள் டிரம்முக்கு மேலே சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் உள்ளே போகும் எண், வெளியே வரும் எண் இரண்டையும் எழுதிவிடுவேன். உள்ளே போவது அதே 1,150 இருக்க, வெளியே வருவது 120ஐத் தொட்டால் மெம்பரேன் மாற்றும் நாள்.