சிறுநீர்ப்பைக்கு ஒத்துப்போன தண்ணீர்

அடிக்கடி அவசரம், கூடவே எரிச்சல். சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. சரி, குடிப்பதையே கவனிப்போம் என்று ஆரம்பித்தேன்.

முதலில் சோடாவை நிறுத்தினேன். இனிப்பே இல்லாத வெறும் சோடாகூடச் சிலருக்கு உறுத்தும். எலுமிச்சை பிழிந்த தண்ணீரும் அப்படித்தான். உடம்புக்கு நல்லது என்று யாராவது நீட்டிக்கொண்டே இருப்பார்கள், என்ன செய்ய!

எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 900 மில்லிகிராமைத் தாண்டும். இந்தியாவின் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500 ஏற்கும் அளவு 500 மில்லிகிராம். அதனால் குடிக்க மட்டும் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, சீல் உடையாத கேன். காரத்தன்மை கூட்டிய ஆல்கலைன் தண்ணீருக்குக் காசைக் கொட்டவில்லை.

உண்மையில் நிம்மதி தந்தது குடிக்கும் விதம். பஸ் பயணத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி இன்னும் எரியும். அதற்காக ஒரே மூச்சில் சொம்பைக் கவிழ்த்தாலும் தாங்காது. பாட்டிலைப் பக்கத்தில் வைத்து மடக்கு மடக்காகக் குடிக்கிறேன். நிறம் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுவேன். ரத்தமோ காய்ச்சலோ தெரிந்தால் டாக்டரிடம்தான் போகவேண்டும்.

காபியை மட்டும் விட முடியவில்லை. காலையில் அரை டம்ளர், அதுவும் தண்ணீர் குடித்த பிறகு.