எழுந்து நின்றாலும் பி.பி. சரியாமல் இருப்பது எப்படி? நாடி பிடித்துப் பார்க்கலாம்

ரத்த அழுத்தத்தை உடல் எப்படிக் கட்டுக்குள் வைக்கிறது என்பதைப் படம் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட, சொந்த மணிக்கட்டிலேயே உணர்ந்துகொள்வது நல்லது. நொடிமுள் உள்ள கடிகாரம் போதும்.

படி 1: ஐந்து நிமிடம் படுத்திருங்கள். கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, 30 நொடி நாடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கழுத்தில் அழுத்திப் பார்க்க வேண்டாம். காரணம் பிறகு வருகிறது.

படி 2: எழுந்து நின்று உடனே மறுபடி எண்ணுங்கள். பெரும்பாலோருக்கு நிமிடத்துக்குப் பத்து, இருபது துடிப்பு கூடியிருக்கும். தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள்.

படி 3: சரி, ஏன் கூடியது? நின்றதும் அரை லிட்டர் அளவுக்கு ரத்தம் கால், வயிற்றுச் சிரைகளில் இறங்கித் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைவதால் அழுத்தம் சரியப் பார்க்கிறது. கழுத்துத் தமனி பிரியும் இடத்திலும் பெருந்தமனி வளைவிலும், குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. சுவர் விரிவது குறைந்ததும் அவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்கு அனுப்பும் சைகைகளும் குறைகின்றன. உடனே முகுளம், இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பைத் தளர்த்தி, அதை வேகப்படுத்தும் பரிவு நரம்புகளை முடுக்குகிறது. இதயம் வேகமெடுக்கிறது, சிறுதமனிகள் சுருங்குகின்றன, சிரைகள் இறுகி ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. எல்லாம் சில நொடிகளில்! கழுத்தை அழுத்தினால் அதே முனைகள் அழுத்தம் எகிறிவிட்டதாக எடுத்துக்கொண்டு இதயத்தை மெதுவாக்கும். சிலர் மயங்கியே விழுவார்கள்.

படி 4: அப்புறம் சிறுநீரகம். புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். நரம்பு வழி வேகமானது. ஆனால் அழுத்தம் நாட்கணக்கில் உயர்ந்தே இருந்தால் அந்த உயரத்தையே இயல்பாக ஏற்றுக்கொண்டுவிடும். நீண்டகாலப் பொறுப்பு சிறுநீரகத்துடையது. அழுத்தம் குறைந்தால் அது ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. கல்லீரல் தரும் புரதத்தை ரெனின் வெட்ட, ஆஞ்சியோடென்சின் 1 கிடைக்கிறது. முக்கியமாக நுரையீரலில் இருக்கும் ஒரு நொதி அதை ஆஞ்சியோடென்சின் 2 ஆக்குகிறது. இது ரத்தக் குழாய்களைச் சுருக்குவதோடு ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனையும் சுரக்கவைத்து உப்பையும் நீரையும் உடலில் தங்கவைக்கிறது. எனாலாப்ரில் போன்ற பி.பி. மாத்திரைகள் தடுப்பது அந்த நொதியைத்தான். அழுத்தம் கூடும்போது சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றிவிடும்.

படி 5: பி.பி. கருவி இருந்தால் படுத்தபடி ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை அளந்து பாருங்கள். நின்றபோது மேல் எண்ணில் 20-ஓ அதற்கு மேலோ, அல்லது கீழ் எண்ணில் 10-ஓ அதற்கு மேலோ குறைந்திருந்தால், இரண்டு அளவுகளையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.