பருவே இல்லாத 'பரு'

முடியோரம், நெற்றியில், ஒரே அளவில் குட்டிக் குட்டிப் பொரிகள். எண்ணெய்ச் சருமம்தானே, பருவாக இருக்கும் என்று சாலிசிலிக் அமில ஃபேஸ்வாஷ், பென்சாயில் பெராக்சைடு ஜெல் எல்லாம் போட்டாயிற்று. தோல் உரிந்ததுதான் மிச்சம். ஆன்டிபயாட்டிக் களிம்பில் இன்னும் கூடியது.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது: பரு என்றால் வழக்கமாகக் கூடவே வரும் கரும்புள்ளி (பிளாக்ஹெட்) ஒன்றுகூட இல்லை, வியர்த்தால் பயங்கர அரிப்பு. அதைச் சொன்னதுமே தோல் மருத்துவர் மலசீசியா என்றார். எல்லார் தோலிலும் இருக்கும் பூஞ்சைதான். கொழுப்புதான் அதற்குச் சாப்பாடு. ராத்திரி தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றிக்கு இறங்கி அதற்கு விருந்து வைத்திருக்கிறது. ஆன்டிபயாட்டிக் பூஞ்சையைக் கொல்லாது, போட்டிக்கு இருந்த பாக்டீரியாவைத்தான் குறைக்கும்.

பொடுகுக்கான 2 சதவீத கீட்டோகொனசோல் (பூஞ்சையை அடக்கும் மருந்து) ஷாம்பூவை நெற்றியில் தடவி, 5 நிமிடம் விட்டுக் கழுவச் சொன்னார். முதலில் அரிப்பு நின்றது, அப்புறம் பொரிகள் அடங்கின. தலையணை உறையையும் மாற்றினேன், அதிலும் எண்ணெய்தான். ஃபவுண்டேஷன் இப்போது திட்டுத்திட்டாக நிற்பதில்லை.