பழிவாங்கும் குங்ஃபூ படத்துக்குக் கருத்து எழுதும் முறை

“சண்டைகள் அருமை, கதைதான் பழையது” என்ற ஒற்றை வரியோடு, பழிவாங்கும் குங்ஃபூ படங்களைப் பற்றிய பார்வையாளர் கருத்துகள் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. ஆசிரியரோ பெற்றோரோ கொல்லப்படுவதும், எஞ்சியவர் கணக்குத் தீர்க்கக் கிளம்புவதும்தான் கதை என்பதை அறிந்தேதான் நாம் இத்தகைய படத்துக்குப் போகிறோம். எனவே பழைய கதை என்பதைக் குறையாகச் சொல்வதில் பொருளில்லை. ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் பழியின் கனம் மாறுகிறதா என்று பார்த்து எழுதினால் கருத்துக்கு உயிர் வரும். லோ வெய் இயக்கி, புரூஸ் லீ நடித்து, 1972இல் ஹாங்காங்கில் வெளியான ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி’ படத்தை வைத்து இதைச் செய்து பார்க்கலாம்.

முதல் முறை குறிப்பெடுக்காமல் பாருங்கள். இரண்டாம் முறை சண்டைகளை வரிசையாக எழுதி, நாயகன் எதற்காக அடிக்கிறான், அதன் விளைவை யார் சுமக்கிறார்கள் என்று ஒவ்வொன்றின் எதிரிலும் குறியுங்கள். இப்படத்தில் புரூஸ் லீ ஏற்ற நாயகன் சென் ஜென், தன் ஆசிரியரின் நினைவுச் சடங்கில் சீனர்களை நோயாளிகள் என்று இழிவுபடுத்தும் பலகையைக் கொண்டுவந்து கொடுத்த ஜப்பானியப் பயிற்சிக்கூடத்துக்குத் தனியாளாகச் சென்று, அங்கிருந்த அத்தனை பேரையும் வீழ்த்தி, அந்த எழுத்துகள் இருந்த தாளை அவர்களையே தின்ன வைக்கிறான். அரங்கம் ஆர்ப்பரிக்கும் இடம் அது. ஆனால், அதற்குப் பதிலடியாக அவர்கள் அவனுடைய குங்ஃபூ பள்ளிக்குள் புகுந்து சக மாணவர்களை அடித்து நொறுக்கும்போது, அவன் வீரத்துக்கு விலை கொடுப்பவர்கள் வேறு யாரோ என்பது தெரிந்துவிடுகிறது. ஆசிரியருக்கு நஞ்சு வைத்தவனை அவன் கொல்லும் காட்சியில் வீரத்தைவிட வெறியே மேலோங்குகிறது என்பது என் கணிப்பு. நீங்கள் மாறுபடலாம், ஆனால் காட்சியைச் சுட்டிக்காட்டி மாறுபடுங்கள்.

சண்டையின் தரத்தைச் சொல்ல “வேகம்” என்ற சொல் போதாது. நடிகரின் உடல் தலை முதல் கால் வரை சட்டகத்துக்குள் தெரிகிறதா, ஓர் அடியும் அதற்கான எதிர்வினையும் ஒரே ஷாட்டில் வருகின்றனவா, அல்லது படத்தொகுப்பே வேகத்தை உண்டாக்குகிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். சங்கிலியால் இணைத்த இரு தடிகளான நுன்சாக்குவைப் புரூஸ் லீ சுழற்றும் காட்சியை இந்த நோக்கில் ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது நல்ல பயிற்சி. சண்டை அமைத்தவரின் பெயரையும் தேடிக் குறிப்பிடுங்கள். இங்கே அவர் ஹான் யிங் சியே. உதைபட்டு விழுபவர்களையும் மறக்க வேண்டாம். இறுதிச் சண்டையில் வில்லன் சுசுகிக்குப் பதிலாகப் பறந்து விழுந்தவர், அப்போது யாருக்கும் தெரியாத இளைஞராக இருந்த ஜாக்கி சான்.

உதட்டசைவு பொருந்தவில்லை என்று மதிப்பெண் குறைப்பவர்கள், அக்கால ஹாங்காங் படங்களில் வசனம் படப்பிடிப்புக்குப் பிறகே பதிவு செய்யப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எந்த மொழிப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்பதை மட்டும் தெரிவித்தால் போதும்.

வரலாற்றைத் தொடும் படமென்றால் சற்று நிதானம் தேவை. படத்தில் ஆசிரியராகக் குறிப்பிடப்படும், ஷாங்காயில் ஜிங்வூ என்ற தற்காப்புக் கலைச் சங்கம் உருவாகக் காரணமான ஹுவோ யுவான்ஜியா உண்மையில் வாழ்ந்து 1910இல் மறைந்தவர். அவருடைய மாணவனாக வரும் சென் ஜென் கற்பனைப் பாத்திரம். ஆசிரியர் நஞ்சூட்டப்பட்டார் என்பதை வரலாறாக எழுதிவிடக் கூடாது. அதுபோலவே, இப்படத்தில் ஜப்பானியர்கள் ஒரே அச்சில் வார்த்த கொடியவர்களாக வருவதை எழுதாமல் விடுவதும் நேர்மையாகாது. 1994இல் கார்டன் சான் இயக்கத்தில் ஜெட் லீ நடித்த ‘ஃபிஸ்ட் ஆஃப் லெஜண்ட்’ இதே கதையை எடுத்துக்கொண்டு, நாயகனை ஜப்பானில் படித்தவனாகவும் ஜப்பானியப் பெண்ணைக் காதலிப்பவனாகவும் மாற்றியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பகைவனுக்கும் ஒரு முகம் கொடுக்கும்போது பழியுணர்ச்சியின் சூடு எவ்வளவு குறைகிறது என்பதை எடுத்துக்காட்டோடு எழுத முடியும்.

முடிவைப் பற்றி எழுதுவதற்கு முன் படத்தின் வயதைப் பாருங்கள். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த படத்தில், பள்ளியைக் காப்பாற்றச் சரணடையும் நாயகன் துப்பாக்கிகளை நோக்கிப் பாய, அந்தப் பாய்ச்சலிலேயே படம் உறைந்து நிற்பதைச் சொல்லலாம். புதிய படமாக இருந்தால், முடிவு உங்களை நிறைவு செய்ததா என்பதோடு நிறுத்திக்கொண்டு, வன்முறையின் அளவை மட்டும் வெளிப்படையாக எழுதுங்கள். குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா என்று முடிவெடுக்கப் பெற்றோருக்கு அது தேவைப்படும்.