சேலத்திலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலா: முதல் நாளைத் திட்டமிடுவது எப்படி?

அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்து போய்வந்ததிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: "சேலத்திலிருந்து எப்படிக் கிளம்பினீர்கள்?" பாஸ்போர்ட், விசா, இன்சூரன்ஸ் எல்லாம் உங்கள் கையில் தயாராக இருக்கின்றன என்றே வைத்துக்கொள்கிறேன். வீட்டுக் கதவைப் பூட்டுவதில் தொடங்கி, அந்த ஊரில் முதல் இரவு படுப்பது வரை மட்டும் இங்கே எழுதுகிறேன். எங்கள் வழி சென்னை, தோஹா, சூரிச். நீங்கள் துபாய் வழியாக லண்டன் போனாலும் முறை பெரிதாக மாறாது.

1. கடிகாரத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தப் படிதான். அதனால் விரிவாகவே சொல்கிறேன். சென்னை, பெங்களூரிலிருந்து வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் விமானங்களில் பல, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் புறப்படுகின்றன. டிக்கெட்டில் "சனிக்கிழமை 04:00" என்று இருந்தால், சேலத்துக்காரருக்கு அது வெள்ளிக்கிழமைப் பயணம்.

ஒரு தாளை எடுத்துக் கீழிருந்து மேலாக எழுதுங்கள். சனி அதிகாலை 4 மணிக்கு விமானம். பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடும். ஆக 3 மணி. வயதானவர்களுடன் பெட்டி போட்டு, குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை வரிசைகளைக் கடக்க வேண்டும் என்றால் வெள்ளி இரவு 11 மணிக்கு விமான நிலைய வாசலில் நிற்பது நல்லது. சேலத்திலிருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர். ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று சாப்பாட்டுக்கு நிறுத்திப் போனால் ஆறேழு மணி நேரம். வழியில் எது நடந்தாலும் தாங்கும்படி இன்னும் மூன்று நான்கு மணி நேரம் சேருங்கள். வெள்ளி நண்பகலுக்குள் சேலத்தை விட்டுவிட வேண்டும் என்று கணக்கு வந்து நிற்கும். சனிக்கிழமைக்கு லீவு எழுதிவிட்டு வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகலாம் என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த மூன்று நான்கு மணி நேரம் வீண் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பெருகி அரசூர் அருகே நெடுஞ்சாலையிலேயே ஓடியது. விழுப்புரம் பக்கம் ரயில்களும் நின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்தில் பயணம் என்றால், ஒரு நாள் முன்பே போய்ச் சென்னையில் தங்குங்கள்.

2. ரயிலில் போங்கள்

என் தேர்வு பகல் ரயில்தான். கோவையில் காலை 6 மணிக்குக் கிளம்பும் வந்தே பாரத், சேலத்துக்கு எட்டு மணிவாக்கில் வந்து, நண்பகலுக்குள் சென்ட்ரலைத் தொட்டுவிடும். வாரத்தில் ஒரு நாள் ஓடாது, முன்பதிவின்போது பார்த்துக்கொள்ளுங்கள். சென்ட்ரலிலிருந்து விமான நிலையம் வரை மெட்ரோ நேராகப் போகிறது; பெட்டிக்கு லிஃப்ட் இருக்கிறது. மீனம்பாக்கம், பல்லாவரம் பக்கம் ஓர் அறை எடுத்து மாலை வரை தூங்குங்கள், குளியுங்கள். அந்த அறைக்குக் கொடுக்கும் பணம்தான் பயணத்திலேயே நல்ல செலவு. முழங்கால் வலியுள்ள அம்மா, விமானத்தில் ஏறும்போதே களைத்திருக்கக் கூடாது.

பஸ் என்றால், கிளாம்பாக்கத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலையில் விமான நிலையம் போகலாம். ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை என்பது அதில் உள்ள வசதி.

பெங்களூர் 200 கிலோமீட்டர்தானே என்று கேட்பீர்கள். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் அந்தக் கணக்கு அங்கேயே நின்றுவிடும். அது சரியாக இருந்தாலும், பஸ் உங்களை நகரத்தின் தெற்கு முனையில் இறக்கிவிடும். விமான நிலையமோ வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. சில்க் போர்டிலிருந்து ஹெப்பாளைத் தாண்டுவதற்குள் மாலை நேரமாக இருந்தால் பொறுமை போய்விடும். அங்கிருந்துதான் விமானம் என்றால், தருமபுரி, ஓசூர் வழியாகக் கன்டோன்மென்ட் போகும் வந்தே பாரத்தைப் பிடியுங்கள். நகரத்தின் பாதியைத் தாண்டித்தான் இறங்குவீர்கள். வெளிநாட்டு விமானங்கள் 2023 முதல் இரண்டாவது முனையத்தில்.

வழியனுப்ப வருகிறவர்களைச் சேலம் ஜங்ஷனிலேயே நிறுத்திவிடுங்கள். டிக்கெட் இல்லாதவர்களை விமான நிலையக் கட்டடத்துக்குள் விடமாட்டார்கள். வேன் பிடித்து வந்த பெரியப்பா குடும்பம் நள்ளிரவில் வெளியே நிற்பதைப் பார்க்க நமக்கே மனம் கேட்காது.

நேரம் பார்க்கும் வீடு என்றால் ராகு காலத்தையும் அந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை. எட்டு மணி ரயிலுக்கு அந்தப் பேச்சே இல்லை. நேரம் ஒத்துவராவிட்டால் முதல் நாளே பரஸ்தானமாக ஒரு பையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிடலாம். பெரியவர்கள் மனம் நிறைந்து கிளம்புவது எனக்கு முக்கியம்.

3. பெட்டியில் எது, கையில் எது

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 100 வாட்-அவர் வரை தடையில்லை. 20,000 மில்லி ஆம்பியர் உள்ளது ஏறக்குறைய 74 வாட்-அவர்தான். ஆனால் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தச் சில நிறுவனங்கள் விடுவதில்லை. 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும், அக்டோபர் முதல் எமிரேட்ஸும் தடை செய்துவிட்டன. போனை அறையிலேயே முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.

எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் பெரிய பெட்டிக்குள் போகட்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது. கொப்பரை வேண்டவே வேண்டாம்: எண்ணெய்ச் சத்து மிகுந்து தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று அதைத் தடுக்கிறார்கள். மாம்பழ சீசனில் உறவினருக்கு மல்கோவா கொண்டுபோக ஆசை வரும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் சுவிட்சர்லாந்திலும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் மாம்பழமோ கறிவேப்பிலையோ உள்ளே போகாது. பால்கோவா, நெய்யும் அப்படியே. கை முறுக்கும் ஏற்காட்டுக் காப்பித்தூளும் மிளகும் தாராளமாகக் கொண்டுபோகலாம்.

4. கவுன்டரில் இரண்டு நிமிடம் நில்லுங்கள்

பெட்டி எடை போட்டதும் பெல்ட்டில் நகர்ந்துவிடும். அதற்குமுன் கைப்பிடியில் சுற்றும் நீளத் தாளைப் படியுங்கள். அதில் கடைசியாகச் சேரும் ஊரின் மூன்றெழுத்துக் குறி பெரிதாக இருக்க வேண்டும். சூரிச் என்றால் இசட்.ஆர்.எச். தோஹாவின் குறி மட்டும் இருந்தால் உடனே கேளுங்கள். ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால் பொதுவாகப் பெட்டி நேராகக் கடைசி ஊருக்கே போகும். இரண்டு டிக்கெட்டாக வாங்கியிருந்தால் அப்படி நம்ப முடியாது. இரண்டு விமானங்களுக்கும் போர்டிங் பாஸை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டிக்கான சிறு ஒட்டுச்சீட்டையும் போனில் படம் பிடித்துவைக்கலாம்.

தோஹாவில் குடியேற்றச் சோதனை கிடையாது, மறுபடி பாதுகாப்புச் சோதனை மட்டும் உண்டு. தண்ணீர் பாட்டிலை அதற்குமுன் காலி செய்துவிடுங்கள். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லியிருந்தோம்; அவ்வளவு பெரிய நிலையத்தில் அது பெரும் உதவி.

5. இறங்கிய பிறகு

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் நாடுகளின் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்; சுவிட்சர்லாந்தும் அதில் ஒன்று) எல்லையில் முகப்படமும் கைரேகையும் பதிவு செய்யும் முறை தொடங்கியிருக்கிறது. வரிசை மெதுவாக நகரலாம். உடனே பிடிக்க வேண்டிய ரயிலுக்கு முன்பதிவு செய்யாதீர்கள். சூரிச்சில் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நகரம்.

அன்று பகலில் தூங்காதீர்கள். கோடையில் அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். இரவு 9 மணி வரை விழித்திருந்தால், நம் ஊர்க் கணக்கில் பன்னிரண்டரை. ஏரிக்கரையில் வெயில் படும்படி நடங்கள். நம் இரண்டு முள் சார்ஜர் அங்குள்ள சாக்கெட்டில் நுழையும். மூன்று முள் நுழையாது.

பின்சேர்க்கை 1: பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லாத பாஸ்போர்ட் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். நம்மில் நிறையப் பேருக்கு குடும்பப்பெயர் கட்டம் காலிதான். 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம், சுற்றுலா விசாவில் ஒற்றைப் பெயரை ஏற்பதில்லை. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்பதாக விமான நிறுவனங்கள் அறிவித்தன. துபாயில் வெளியே இறங்கும் எண்ணம் இருந்தால் முதலில் இதை முடியுங்கள்.

பின்சேர்க்கை 2: பத்தாம் வகுப்பு முடிக்காத தாயாரை மலேசியா அழைத்துப்போகும் ஒருவர், பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (பட்டியலில் உள்ள சில நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியகல்வு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) இருக்கிறதே, என்ன செய்வது என்று கேட்டார். அந்தப் பட்டியலில் உள்ள 18 நாடுகளில் மலேசியாவும் உண்டு. வேலைக்கு அல்லாமல் சுற்றுலாவுக்குப் போகிறவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. திரும்பும் டிக்கெட்டையும், விசா தேவைப்பட்டால் அதையும் அச்செடுத்து அம்மாவின் கைப்பையிலேயே வையுங்கள்.

பின்சேர்க்கை 3: ஏற்காட்டிலிருந்து கிளம்புகிறவர்கள், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அதிகாலைப் பனிமூட்டத்தையும் அந்தத் தாளில் சேருங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை மூடப்படுவதுண்டு. அப்போது குப்பனூர் வழிதான். முதல் நாள் மாலையே சேலத்துக்கு இறங்கி, ஜங்ஷன் பக்கம் தங்கிவிடுங்கள்.