மாநகராட்சியோடு ஊரைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசாணை வந்த சில நாளில் ஊராட்சி அலுவலகத்தின் பெயர்ப்பலகை மாறிவிடும். குழாயும் பாதாளச் சாக்கடையும் வடிகாலும் வந்து சேர பத்துப் பதினைந்து வருஷம் பிடிக்கும். பெரும்பாலான தவறுகள் நடப்பது இந்த இடைவெளியில்தான். அவற்றுக்கான விதை விழுவதோ அதற்கும் முன்னால், எல்லைக்கோடு போடும் மேசையில்.

தமிழ்நாட்டில் இதை விரிவாகப் பார்க்கச் சென்னையே போதும். 2011-ல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகளை ஒரே மூச்சில் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். அம்பத்தூர், ஆலந்தூர், மாதவரம், திருவொற்றியூர் போன்ற வளர்ந்த நகராட்சிகளும் அதில் இருந்தன, வயலும் ஏரியும் மிச்சமிருந்த சின்ன ஊராட்சிகளும் இருந்தன. கோவை, மதுரை மாநகராட்சிகளும் அதே வருஷம் விரிந்தன. அதன் பிறகு ஆவடியும் தாம்பரமும் தனி மாநகராட்சிகள் ஆயின. இன்னும் பல ஊர்கள் வரிசையில் இருக்கின்றன. அதனால் நடந்ததைப் பேசுவது அடுத்து நடக்கப்போவதற்கு உதவும்.

தலையை எண்ணிவிட்டு நிலத்தை மறப்பது

சென்னையின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி, சுமார் 46 லட்சத்திலிருந்து 67 லட்சம் ஆனது. பரப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. மக்கள் ஒன்றரை மடங்குகூட இல்லை. பழைய நகரில் ஒரு சதுர கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 27 ஆயிரம் பேர் இருந்தால், புதிதாகச் சேர்ந்த பகுதியில் 8 ஆயிரத்துச் சொச்சம் பேர்தான்.

இந்தக் கணக்கைப் போடாமல் திட்டம் போடுவதுதான் முதல் தவறு. வரி வருவது வீட்டிலிருந்து. செலவாவது தெருவின் நீளத்துக்கு. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் ஊரில், ஒரு வீட்டுக்கான குழாயும் கேபிளும் தெருவிளக்கும் நகரத்தைவிட அதிகம் தேவை. சேர்ந்த பகுதியின் வரியை வைத்தே அந்தப் பகுதிக்கு எல்லாம் செய்துவிடலாம் என்று நினைத்தால் நடுவழியில் பணம் நின்றுபோகும். எத்தனை கோடி வேண்டும், எங்கிருந்து வரும், எந்த வருஷம் எந்த வேலை என்று எழுதிய காகிதம் அரசாணைக்கு முன்பே இருக்க வேண்டும். கடன் வாங்குவதென்றால் அதையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும்.

மேலே இருப்பதை முதலில் போடுவது

ஊர் சேர்ந்த முதல் வருஷத்தில் மக்கள் கண்ணுக்கு எதையாவது காட்ட வேண்டும் என்ற அவசரம் எல்லாருக்கும் இருக்கும். சட்டென்று தெரிவது தார் ரோடு. அதைப் போட்டுவிடுவார்கள். இரண்டு வருஷம் கழித்துக் குடிநீர்க் குழாய்க்காக ஓர் ஓரத்தை வெட்டுவார்கள். அப்புறம் பாதாளச் சாக்கடைக்காக நடுத்தெருவில் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் தோண்டுவார்கள். மூடும்போது மண்ணை அடுக்கடுக்காகக் கெட்டிப்படுத்தாமல் அப்படியே தள்ளிவிட்டுப் போனால், அடுத்த மழைக்குத் தெரு நடுவில் நீளமாக உள்வாங்கும். தண்ணீர் லாரியின் சக்கரம் அதில்தான் இறங்கும்.

பிறகு அதன் மேல் இன்னொரு தார். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டுக்கொண்டு போனால் தெரு உயர்ந்து வீட்டு வாசல் பள்ளமாகிவிடும். புறநகரில் பத்து வருஷத்துக்கு முன் இரண்டு படி ஏறி நுழைந்த வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கும் நிலைக்குக் குடும்பங்கள் தள்ளப்படுவதைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த வீட்டுக்காரர் செய்த தப்பு என்ன?

வரிசை எளிது. ஆழத்தில் இருப்பது முதலில்: பாதாளச் சாக்கடை, பிறகு குடிநீரும் மழைநீர் வடிகாலும், கடைசியில் ரோடு. இதைக் கடைப்பிடிப்பது ஏன் கடினம் என்றால், சென்னையில் சாலையும் வடிகாலும் மாநகராட்சியிடம், குடிநீரும் கழிவுநீரும் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடிநீர் வாரியத்திடம், மின்கேபிள் மின்வாரியத்திடம், பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். நான்கு பேருக்கும் ஒரே தெருவாரியான அட்டவணை இல்லாவிட்டால் நான்கு முறை வெட்டத்தான் செய்வார்கள். முதல் இரண்டு வருஷத்துக்குப் பள்ளத்தை மூடி ஒட்டுப்போட்டு ஓட்டுங்கள், ரோடு பிறகு வரும் என்று மக்களிடம் நேராகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

இதிலேயே இன்னொன்று. வடிகால் வந்து பாதாளச் சாக்கடை வராத தெருவில் என்ன நடக்கும்? செப்டிக் டேங்க் நிரம்பும், கழிவுநீர் லாரிக்கு ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்துக் கட்டுப்படியாகாது, ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பிவிசி பைப் வடிகாலுக்குள் போய்விடும். மழைநீருக்கென்று கட்டியது சாக்கடையாகி, கடைசியில் ஏரியிலோ சதுப்புநிலத்திலோ போய்க் கலக்கும்.

பாதாளச் சாக்கடைக்கு இடமும் வேண்டும். கழிவுநீர் சரிவில் தானாக ஓடி வரும் தாழ்வான இடத்தில் உந்து நிலையம் வைக்க வேண்டும். சேரும் நாளில் அந்த இடம் புறம்போக்காக இருக்கும். ஒதுக்கி வேலி போடாமல் விட்டால், ஐந்து வருஷத்தில் அங்கே வீடோ கடையோ வந்துவிடும். பிறகு எந்தத் தெருவில் இடம் பார்த்தாலும் எதிர்ப்புதான்.

தண்ணீர் போகும் வழிக்குக் குறுக்கே கோடு கிழிப்பது

வார்டு எல்லை ரோட்டைப் பார்த்துப் போடப்படுகிறது. மழைநீர் ரோட்டைப் பார்ப்பதில்லை. தென்சென்னையில் கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரி நீர் நாராயணபுரம் ஏரிக்கு வரும், அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போகும். கீழ்க்கட்டளை அன்று பல்லாவரம் நகராட்சியில் இருந்தது, இன்று தாம்பரம் மாநகராட்சியில் இருக்கிறது. நாராயணபுரம் சென்னையில். மேலே இருப்பவர் உபரி நீரைத் திறந்துவிடுவதும் கீழே இருப்பவர் கால்வாயைத் தூர்வாருவதும் ஒரே கணக்கில் நடக்காவிட்டால், இடையில் இருக்கும் தெருக்கள் மூழ்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையைச் சுற்றிய பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் வடியாமல் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஏரிப் பாசனம் நின்றதும் மதகுக்கும் வாய்க்காலுக்கும் வேலை போய்விட்டதாக நினைப்பதுதான் இங்கே பெரிய பிழை. வயல் இருந்தபோது மதகிலிருந்து பிரிந்த வாய்க்கால்தான் இப்போது அந்தப் பகுதியின் இயல்பான வடிகால். வருவாய்த் துறையின் புல வரைபடத்தில் அது கோடாக இருக்கும், களத்தில் காம்பவுண்டுச் சுவராக இருக்கும். ஊரைச் சேர்க்கும் முன்பே வாய்க்கால் புறம்போக்கு முழுவதையும் அளந்து கல் நட வேண்டும். பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போட்டால், அதற்குள் மனை பிரித்து விற்று, வாங்கியவர் கடன் வாங்கி வீடும் கட்டிவிடுவார். அந்தக் குடும்பத்தையும் நடுத்தெருவில் நிறுத்த வேண்டிய பாவம் வந்து சேரும்.

நகரத்துக்குச் செய்த ஒரே வடிகால் டிசைனை எல்லா மண்ணிலும் போடுவதும் தவறு. கொட்டிவாக்கத்திலிருந்து உத்தண்டி வரை கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது மணல். மழை விழுந்த சற்று நேரத்தில் உறிஞ்சிக்கொள்ளும், அதுவே அங்கே நிலத்தடி நன்னீர், உப்பு நீர் உள்ளே வராமல் தடுப்பதும் அதுதான். மழைநீர் வடிகாலுக்கான கோவளம் வடிநிலத் திட்டத்தில் அங்கேயும் கான்கிரீட் வடிகால் கட்டக் கிளம்பியபோது குடியிருப்போர் எதிர்த்து, விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அவர்கள் எதிர்த்தது நியாயம் என்பதே என் எண்ணம். அங்கே தேவை உறிஞ்சுகுழி. களிமண்ணான பள்ளிக்கரணைப் பக்கம் உறிஞ்சுகுழியை மட்டும் நம்பினால் நடக்காது. இரண்டும் ஒரே மண்டல அலுவலகத்தின் மேசையில் வந்தாலும் மண் வேறு.

வால்வு எங்கே என்று தெரிந்தவரை வீட்டுக்கு அனுப்புவது

ஊராட்சியின் குடிநீர் வரைபடம் பெரும்பாலும் காகிதத்தில் இருக்காது, பம்ப் ஆபரேட்டரின் தலைக்குள் இருக்கும். எந்த போர்வெல் ஏப்ரலில் வற்றும், மேல்நிலைத் தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிஷம் விட்டால் கடைசி வீட்டுக்கு ஏறும், எந்த வேப்பமரத்தடியில் மண்ணுக்குள் வால்வு புதைந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். குறைந்த சம்பளத்துக்குக் காலை நாலு மணிக்குச் சாவியோடு கிளம்பும் மனிதர் அவர். ஊர் சேர்ந்ததும் வேலை நிரந்தரமா, இல்லையா என்ற தெளிவே இல்லாமல் அவரை அலைக்கழித்தால், அவரோடு ஊரின் தண்ணீர் அறிவும் போய்விடும். பணியாளர்களின் நிலையை முதலில் முடிவு செய்துவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தே ஒவ்வொரு வால்வையும் வரைபடத்தில் ஏற்றுங்கள். தூய்மைப் பணியாளர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

பெரிய குழாய் வரும் முன்பே ஊராட்சியின் கிணறுகளைக் கைவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் ஆலை 2013-ல் வந்தது, இரண்டாவது 2024-ல் வந்தது. ஆலை வந்தாலும் தெருவுக்குள் பகிர்மானக் குழாய் வர வேண்டும். அதுவரை அந்தக் கிணறுதான் கதி.

அடுத்தது பதிவேடுகள். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மனைப் பிரிவு போட்டால், சாலைக்கு விட்டது போக 10 சதவீதத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரம் ஊராட்சி அலுவலக இரும்பு பீரோவில் இருக்கும். சேரும் நாளில் பீரோ வரும், பத்திரம் வராது. சில வருஷத்தில் அந்த இடத்துக்குக் கம்பி வேலியும் 'இது தனியார் நிலம்' என்ற பலகையும் வந்துவிடும். கைமாற்றும் முன் ஒவ்வொரு தானப்பத்திரத்தையும் சர்வே எண்ணோடு பட்டியலிட்டு, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, ஊர்மக்கள் முன்னிலையில் வாசித்துவிடுவது நல்லது. சுடுகாடு, மேய்க்கால் புறம்போக்கு, குட்டை எல்லாவற்றுக்கும் அப்படியே.

தெருப்பெயரையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒரு காந்தி தெருவும் பிள்ளையார் கோவில் தெருவும் உண்டு. 42 ஊர் ஒன்றாகும்போது ஆம்புலன்ஸ் எந்தத் தெருவுக்குப் போகும்?

வசதிக்கு முன் வரி

வரியைப் பற்றிப் பேசினாலே மக்கள் எதிர்ப்பார்கள் என்பது பாதி உண்மை. ஆலந்தூர் நகராட்சி, மாநகராட்சியோடு சேருவதற்கு முன்பே, மக்கள் பங்களிப்போடு பாதாளச் சாக்கடை போட்டது. குழாய் பதிக்கும் முன்னரே வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வைப்புத்தொகை கட்டின. தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு, பணம் எங்கே போகிறது என்று சொன்னார்கள், சொன்னபடி செய்தும் காட்டினார்கள். கொடுத்த காசு தன் தெருவுக்கு வரும் என்ற நம்பிக்கை இருந்தால் நம் மக்கள் கொடுப்பார்கள்.

வசதி வராத தெருவுக்குப் பழைய நகரத்துக்கு இணையான வரியைப் போடுவது அந்த நம்பிக்கையைக் கெடுக்கும். 2022 சொத்துவரி உயர்வில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்குப் பழைய சென்னையில் 50 சதவீதம், 2011-ல் சேர்ந்த பகுதிகளில் 25 சதவீதம் என்று பிரித்தது சரியான அணுகுமுறை. இதைத் தெரு அளவுக்கும் கொண்டுபோக வேண்டும்: கழிவுநீர் இணைப்பு வந்த தேதியிலிருந்துதான் அதற்கான கட்டணம்.

கிராமத்து ஏழைகளுக்கு இழப்பு வேறு மாதிரி. ஊராட்சி என்ற பெயர் போனால், 'நூறு நாள் வேலை' என்று மக்கள் சொல்லும் ஊரக வேலைத் திட்டமும் போகும். நிலமில்லாத பெண்களுக்கு அது பல மாதச் சாப்பாட்டுச் செலவு. 2025 தொடக்கத்தில் தமிழகம் முழுக்க ஊராட்சிகள் இணைப்பை எதிர்த்துக் கிளம்பிய போராட்டங்களில் இந்தக் குரல்தான் ஓங்கி ஒலித்தது. அதற்கு மாற்று என்ன என்று சொல்லாமல் 'வளர்ச்சி வரும்' என்பது பதிலாகாது.

விடுபட்ட ஊர்களும் கேட்க ஆளில்லாத வார்டுகளும்

எல்லையை நீட்டும்போது சில ஊர்களை ஓரமாக விட்டுவிடுவார்கள். 2011-ல் பள்ளிக்கரணை சேர்ந்தது, அதை ஒட்டிய மேடவாக்கமும் பெரும்பாக்கமும் கோவிலம்பாக்கமும் ஊராட்சிகளாகவே நின்றன. அடுக்குமாடிகள் அங்கே நிற்கவில்லை. பெரும்பாக்கத்தில் நகரத்தின் கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். நகரம் தன் சொந்த மக்களையே தன் எல்லைக்கு வெளியே அனுப்பிவிட்டு, குப்பையையும் குடிநீரையும் ஓர் ஊராட்சியின் தலையில் வைத்தது. இப்படி விடுபடும் ஊர்களோடு சேர்ப்புத் தீர்மானத்திலேயே குடிநீருக்கும் குப்பைக்கும் ஒப்பந்தம் போட்டாக வேண்டும்.

கடைசியாகப் பிரதிநிதித்துவம். 2011-ல் பழைய சென்னையின் 155 வார்டுகளை 107 ஆகச் சுருக்கி, சேர்ந்த பகுதிகளுக்கு 93 கொடுத்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சில ஆயிரம் பேருக்கு ஒரு தலைவர், வார்டு உறுப்பினர்கள், கேள்வி கேட்கக் கிராமசபை என்று இருந்த ஊருக்கு, சராசரியாக இருபதாயிரம் பேருக்கு மேல் ஒரே கவுன்சிலர் என்றானது. 2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் பதவிக்காலமும் முடிந்து, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. புதிய பகுதிகளில் குழாயும் வடிகாலும் திட்டமிடப்பட்ட முக்கியமான ஐந்து வருஷத்துக்கு மேல், அந்தத் தெருக்காரர்களுக்கு மன்றத்தில் பேச ஒருவரும் இல்லை.

உங்கள் ஊர் சேரப்போகிறது என்றால், கிராமசபை இருக்கும்போதே அதைக் கூட்டுங்கள். வாய்க்கால்கள், தானப்பத்திர நிலங்கள், கிணறுகள், பணியாளர்கள், உந்து நிலையத்துக்கான இடம் ஆகிய ஐந்தையும் சர்வே எண், பெயரோடு தீர்மானத்தில் ஏற்றுங்கள். நகல் ஒன்றை மாவட்ட ஆட்சியருக்கும் ஒன்றை மாநகராட்சி ஆணையருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.